ஒருக்கா பார்த்தது காணாதா? ட்ரான்சிட் சோதனை வந்த கதை

வெளிநாடு போய்வந்த ஆரிடமாவது பயணம் எப்படி எண்டு கேட்டுப் பாருங்கள். விமானத்தைப் பற்றிச் சொல்ல முதல் ட்ரான்சிட்டைப் பற்றித்தான் தொடங்குவினம். கட்டுநாயக்கவில் கட்டட வாசலிலேயே ஒரு சோதனை, விமானத்தில் ஏறமுதல் இன்னொரு சோதனை. நாலைந்து மணித்தியாலம் பறந்து டோஹாவிலோ டுபாயிலோ இறங்கினால் திரும்பவும் வரிசை. திரும்பவும் பெல்ற்றைக் கழற்றி, போனைத் தட்டில போட்டு, பாதி குடித்த தண்ணிப் போத்தலை எறிந்துவிட்டு, கையை உயர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்த விமானத்துக்கு ஒரு மணித்தியாலம் கூட இருக்காது. "ஒருக்கா பார்த்தாச்சுத்தானே, நடுவானத்தில வைச்சு ஆர் எனக்குக் குண்டு தந்தது?" என்று மனதுக்குள்ளயாவது கேட்காதவர்கள் குறைவு.

நியாயமான கேள்வி. அதற்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலுக்குள்ளே இலங்கைத் தமிழர்களாகிய நாங்களும் இருக்கிறோம், வரிசையில் நின்று சோதிக்கப்படுகிறவர்களாக மட்டும் இல்லை. எங்கட ஆட்கள் இந்தக் கதையின் அந்தப் பாதியைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

முதலில், சோதனையே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1960களில் அமெரிக்காவில் உள்நாட்டு விமானம் ஏறுவது கிட்டத்தட்ட பஸ் ஏறுவது மாதிரி. டிக்கெட்டைக் காட்டினால் சரி. 1968 தொடங்கி 1972 வரை அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கடத்தல்களும் கடத்தல் முயற்சிகளும் நடந்தன. நிறையப் பேருக்குப் போகவேண்டிய இடம் கியூபா. இவ்வளவு நடந்தும் விமான நிறுவனங்கள் எல்லோரையும் சோதிக்க விரும்பவில்லை. செலவு, தாமதம், பயணிகள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். 1972 நவெம்பரில் ஒரு விமானத்தைக் கடத்திய மூன்று பேர், அதை டென்னசியில் உள்ள ஓக் றிட்ஜ் அணு ஆய்வு நிலையத்தின் மேல் மோதப்போவதாக மிரட்டினார்கள். அதற்குப் பிறகு பேச்சு முடிந்துபோனது. 1973 ஜனவரி 5இலிருந்து அங்கே விமானம் ஏறும் ஒவ்வொரு பயணியையும், கையில் கொண்டுபோகிற பையையும் சோதிப்பது கட்டாயமானது.

இந்த ஏற்பாட்டின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு விமானக் கதவிலும் சோதனை வைத்தால் ஆட்களும் இயந்திரங்களும் எக்கச்சக்கமாகத் தேவை. அதனால் பல கதவுகளுக்குப் போகிற நடைபாதையின் வாயிலில் ஒரே சோதனை வைத்தார்கள். அதைத் தாண்டி உள்ளே இருக்கிற எல்லாம் "சுத்தமான" பகுதி. இன்னொரு ஊரிலிருந்து வந்து அதற்குள் இறங்கி வேறு விமானம் மாறுகிறவரைத் திரும்பச் சோதிக்கத் தேவையில்லை, ஏனென்றால் அவர் வந்த ஊரிலும் இதே சட்டம், இதே சோதனை. ஒரே நாட்டுக்குள் ஒரே அதிகாரம் இருக்கும்போது இது வேலை செய்யும். எல்லை ஒன்றைத் தாண்டி வருகிறவரை என்ன செய்வது? அவரைப் பார்த்தது இன்னொரு அரசாங்கத்தின் ஆள். அந்த ஆள் ஒழுங்காகப் பார்த்தாரா?

எங்களுக்கு இதை விளங்கப்படுத்த விமான நிலையம் தேவையில்லை. 2002இல் ஏ9 திறந்ததிலிருந்து 2006 ஓகஸ்டில் மூடப்படும் வரை யாழ்ப்பாணம் – கொழும்புப் பயணம் இப்படித்தான் இருந்தது என்று அம்மா சொல்லுவா. வன்னிக்குள்ளிருந்து தெற்கே போகும்போது புளியங்குளத்தில் இயக்கத்தின் சோதனை. பெட்டி படுக்கையோடு இறங்கி, காட்டி, ஏறி, நடுவிலே ஆருக்கும் சொந்தமில்லாத துண்டு நிலத்தைத் தாண்டினால் ஓமந்தை. அங்கே இராணுவத்தின் சோதனை. அதே பெட்டி, அதே உடுப்பு. புளியங்குளத்தில் பார்த்தாச்சு எண்டு ஓமந்தையில் சொல்ல முடியுமா? சொன்னால் வேறு கேள்விதான் வரும். அந்த இரண்டாவது சோதனை முதலாவது சோதனையை நம்பாததால் வந்தது. பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதற்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. ட்ரான்சிட் வரிசையும் அடிப்படையில் ஓர் ஓமந்தைதான், கொஞ்சம் ஏசி போட்டது.

விமானங்களின் உலகத்துக்கு இந்தப் பாடம் 1976 யூன் 27இல் கிடைத்தது. டெல் அவிவ்விலிருந்து பரிஸுக்குப் போன எயார் பிரான்ஸ் 139 ஏதென்சில் இறங்கி ஏறியது. டெல் அவிவ்வில் சோதனை கடுமை. ஏதென்சில் ஏறியவர்களில் நான்கு பேர், இரண்டு பாலஸ்தீனர்களும் இரண்டு ஜேர்மனியர்களும், வேறொரு விமானத்தில் பஹ்ரெய்னிலிருந்து வந்து அங்கே மாறியவர்கள். ட்ரான்சிட் பயணிகள். ஏதென்சில் அப்படி வந்தவர்களை எவரும் பெரிதாகப் பார்க்கவில்லை. துப்பாக்கிகளும் கைக்குண்டுகளும் உள்ளே போயின. விமானம் உகண்டாவின் என்டபேக்குப் போனது. அதற்குப் பிறகு நடந்த இஸ்ரேலிய அதிரடியைத்தான் எல்லோரும் படமாகவும் புத்தகமாகவும் கொண்டாடுகிறார்கள். பாதுகாப்புத்துறை ஆட்கள் எடுத்துக்கொண்ட செய்தி வேறு: ஆபத்து பயணத்தின் தொடக்கத்தில் இல்லாமல் பொருத்தில் இருக்கலாம்.

பொருத்து என்ற இந்தச் சொல்லை வைத்துக்கொள்வோம். அடுத்த பன்னிரண்டு வருட வரலாறு முழுக்கப் பொருத்துகளின் வரலாறுதான், ஆளுடைய பொருத்தும் பெட்டியுடைய பொருத்தும்.

பெட்டியுடைய கதையில் எங்கட பெயர் முன்னுக்கே வருகிறது. 1984 ஓகஸ்ட் 2 இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. கொழும்புக்குப் போகிற எயார் லங்கா விமானத்துக்கென்று ஒருவர் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு ஏறாமல் போய்விட்டார். ஆள் இல்லாத பெட்டிகள் விமானத்தில் ஏற்றப்படாமல் நிலையத்துக்குள்ளேயே நின்றன. குண்டு இருக்கிறதென்று தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. பெட்டிகளை அப்புறப்படுத்த முதல் வெடித்துவிட்டது. முப்பது பேரளவில் செத்தார்கள், பெரும்பாலானவர்கள் இலங்கைப் பயணிகள். செய்தது தமிழீழ இராணுவம் என்ற பெயரில் இயங்கிய ஒரு சிறிய தமிழ்க் குழு. இரண்டு வருடத்துக்குள், 1986 மே 3இல், கட்டுநாயக்கவில் எயார் லங்காவின் ட்ரைஸ்டார் விமானம் தரையில் நிற்கும்போதே வெடித்து வால்பகுதி முறிந்து விழுந்தது. லண்டனிலிருந்து வந்து மாலைதீவுக்குப் போகவிருந்த விமானம் அது. 21 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள். அரசாங்கம் புலிகளைக் குற்றம்சாட்டியது.

இதை எழுதும்போது சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். "இப்ப ஏன் இதைக் கிண்டுறாய்?" எண்டு கேட்கலாம். வரிசையில் எங்களை நிற்பாட்டிப் பார்க்கிறபோது அது வெறும் இனவெறி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், சில நேரம் உண்மையும்கூட. ஆனால் மாலைதீவுக்குக் கடற்கரை பார்க்கப் போனவர்கள் எந்த யுத்தத்திலும் இருக்கவில்லை. மீனம்பாக்கத்தில் செத்த இலங்கைப் பயணிகளும் இருக்கவில்லை. எண்பதுகளின் போராட்டத்தைப் பற்றி எங்கட வாசிப்பு வட்டங்களில் எத்தனையோ கூட்டங்கள் நடந்திருக்கின்றன. இந்த இரண்டு சம்பவங்களையும் எவரும் தலைப்பாக வைத்து நான் கண்டதில்லை.

மீனம்பாக்கம் நடந்து பத்து மாதம் கழித்து, ஏறாத பயணியின் பெட்டி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகம் முழுதும் கண்டது. 1985 யூன் 22, கனடாவின் வன்கூவர். எம். சிங் என்ற பெயரில் டிக்கெட் வைத்திருந்த ஒருவர் ரொறொன்ரோ போகிற விமானத்துக்குப் பெட்டியைக் கொடுக்கிறார். ரொறொன்ரோவிலிருந்து டெல்லிக்குப் போகிற எயார் இந்தியா விமானத்தில் அவருக்கு இருக்கை உறுதியாகவில்லை, காத்திருப்புப் பட்டியலில்தான் பெயர். உறுதியாகாதவரின் பெட்டியை நேரே டெல்லிக்கு அனுப்ப முடியாது என்று கவுன்டரில் நின்றவர் சொல்கிறார். இவர் விடவில்லை, வாதாடுகிறார். பின்னால் வரிசை நீளுகிறது. கடைசியில் அவர் சரியென்று டெல்லி வரைக்கும் பட்டி ஒட்டிவிடுகிறார். பெட்டி போனது, ஆள் ஏறவில்லை. ரொறொன்ரோவில் எக்ஸ்ரே இயந்திரம் பழுதடைந்து, கையில் பிடிக்கும் ஒரு கருவியால் மிச்சப் பெட்டிகளைப் பார்த்தார்கள். மறுநாள் அயர்லாந்துக்கு அப்பால் அத்திலாந்திக் கடலின் மேல் "கனிஷ்கா" வெடித்தது. 329 பேர். அதே நாளில், வன்கூவரிலிருந்து வேறொரு விமானத்தில் வந்து டோக்கியோ நரிற்றாவில் எயார் இந்தியாவுக்கு மாறவிருந்த இன்னொரு பெட்டி வெடித்து, பெட்டி ஏற்றிய இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள்.

இரண்டும் ட்ரான்சிட் பெட்டிகள். எனக்கு இதில் மறக்க முடியாமல் இருப்பது அந்தக் கவுன்டரும் நீண்டுகொண்டிருந்த வரிசையும். சோதனையைச் சலிப்பாக உணர்வது பயணி மட்டுமில்லை, சோதிக்கிறவரும்தான். விதி இருந்தது, அதைக் கடைப்பிடிக்க நேரம் இருக்கவில்லை.

லொக்கபி பற்றிப் பலருக்குத் தெரியும் என்பதால் சுருக்கமாக: 1988 டிசெம்பர் 21, பான் ஆம் 103, 270 பேர். 2001இல் ஸ்கொட்லாந்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கதைப்படி, குண்டு இருந்த பெட்டி ஆளில்லாமல் மால்டாவில் ஏறி, பிராங்ஃபேர்ட்டில் மாறி, ஹீத்ரோவில் திரும்பவும் மாறியது. மால்டா என்ற தொடக்கத்தைக் கேள்வி கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பயணி ஏறாவிட்டால் பெட்டியை இறக்குவது என்ற விதி உலகம் முழுக்க இறுகியது இந்த இரண்டு அழிவுகளுக்கும் பிறகுதான். "உங்களை ஒரு பயணி தாமதப்படுத்துகிறார், அவருடைய பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறோம்" என்ற அறிவிப்பைக் கேட்டு உள்ளே இருக்கிறவர்கள் பல்லைக் கடிப்பது அதனால்தான்.

கைப்பையின் கதை வேறு. 1987 நவெம்பர் 29, கொரியன் எயார் 858. பக்தாத், அபுதாபி, பாங்கொக், சோல் என்று போகிற விமானம். உள்ளே இருந்தவர்களில் நிறையப் பேர் மத்திய கிழக்கில் கட்டட வேலை செய்துவிட்டு வீடு திரும்பிய தென் கொரியத் தொழிலாளர்கள். (இன்றைக்கு எங்கட ஆட்கள் நிறைந்துபோகிற வளைகுடா விமானங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.) பக்தாத்தில் ஏறிய இரண்டு வட கொரிய உளவாளிகள் ஒரு வானொலிப் பெட்டியையும் ஒரு மதுப் போத்தலையும் தலைக்கு மேலுள்ள தட்டில் வைத்துவிட்டு அபுதாபியில் இறங்கிப் போய்விட்டார்கள். போத்தலுக்குள் இருந்தது திரவ வெடிமருந்து. அந்தமான் கடலின் மேல் 115 பேரும் போனார்கள். ஏழு வருடம் கழித்து, 1994 டிசெம்பர் 11இல், மணிலாவிலிருந்து செபு வழியாக டோக்கியோ போன பிலிப்பைன் எயார்லைன்ஸ் 434இல் இதே முறை. ரம்சி யூசெப் மணிலாவில் ஏறி, கொன்ராக்ட் லென்ஸ் திரவப் போத்தலில் கொண்டுவந்த மருந்தால் செய்த குண்டை இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டு செபுவில் இறங்கினான். ஒரு யப்பானியப் பயணி கொல்லப்பட்டார். விமானம் எப்படியோ ஒக்கினாவாவில் தரையிறங்கியது. இடையில் விமானம் நிற்கும்போது "உங்களுடைய எல்லாப் பொருட்களையும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்" என்று சொல்லுவது ஏன் என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திரவம் ஆபத்து என்பது 1987இலேயே தெரியும். 1994இல் இரண்டாவது தடவை தெரிந்தது. திரவத்துக்கான தடை வந்தது 2006இல். அந்த வருடம் ஓகஸ்ட் 10இல், லண்டனிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போகிற விமானங்களைக் குளிர்பானப் போத்தல்களால் தகர்க்கும் திட்டம் ஒன்றைப் பிரித்தானியப் பொலிஸ் பிடித்தது. சில மாதங்களுக்குள் 100 மில்லிலீற்றர் விதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிரந்தரமானது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. கொரியத் தொழிலாளர்கள் 1987இல் செத்தபோது வராத விதி, அத்திலாந்திக் பாதை மிரட்டப்பட்டபோது வந்தது. ஆபத்து என்பது நடந்த இடத்தைப் பொறுத்தே ஆபத்தாகிறது என்று நான் நினைக்கிறேன். வேறு விளக்கம் இருந்தால் கீழே எழுதுங்கள்.

இந்த விதி ட்ரான்சிட் பயணிகளை அடித்த மாதிரி வேறு எவரையும் அடிக்கவில்லை. நேரே போகிறவர் சோதனை முடிந்து உள்ளே போன பிறகு வரியில்லாக் கடையில் போத்தல் வாங்கலாம், பிரச்சினையில்லை. மாறிப் போகிறவர் கட்டுநாயக்கவில் வாங்கியதை ஐரோப்பாவில் இரண்டாவது சோதனையில் பறிகொடுப்பார். கடையில் முத்திரையிட்டுக் கொடுத்த பையை ஐரோப்பிய ஒன்றியம் தன்னுடைய நாடுகளிலும், பிறகு தான் ஏற்றுக்கொண்ட ஒருசில நாடுகளிலும் வாங்கியிருந்தால்தான் மதித்தது. மற்ற நாடுகளின் முத்திரைப் பைகளையும் தனி இயந்திரத்தில் பார்த்து விடலாம் என்ற ஏற்பாடு 2014 ஜனவரி கடைசியில்தான் தொடங்கியது. என்னுடைய பெரியம்மா மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போனபோது, விஷயம் தெரியாமல் நல்லெண்ணெய்ப் போத்தலைக் கைப்பையில் வைத்திருந்தா. அது ஐரோப்பிய நிலையம் ஒன்றின் குப்பைத்தொட்டிக்குப் போனது. எண்ணெய் போனதைவிட, ஏன் எடுத்தார்கள் என்று எவரும் அவவுக்கு விளங்குகிற மொழியில் சொல்லவில்லை என்பதுதான் அவவின் கவலை.

இப்போது நம்பிக்கைக்கு வருவோம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பாதுகாப்பு விதிகள் 17ஆவது இணைப்பு என்று அழைக்கப்படும், முதலில் 1974இல் ஏற்கப்பட்டவை. மாறிப் போகும் பயணிகளையும் கைப்பைகளையும் ஏறமுதல் சோதிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கூடவே ஒரு விலக்கு: அவர்கள் புறப்பட்ட இடத்தில் சரியாகச் சோதிக்கப்பட்டார்கள் என்பதை உறுதிப்படுத்தும் ஏற்பாடு அரசுகளுக்கு இடையில் இருந்தால் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இந்த விலக்கைப் பயன்படுத்தி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர் ஐரோப்பாவில் திரும்பச் சோதிக்கப்படத் தேவையில்லை. இலங்கை அதில் இல்லை. அமெரிக்காவோ நீண்ட காலமாக எவரையும் நம்பவில்லை. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கூட அங்கே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, திரும்பக் கொடுத்து, திரும்பச் சோதனைக்குப் போனார். 2017 மார்ச்சில் டுபாய், டோஹா, அபுதாபி உட்பட பத்து விமான நிலையங்களிலிருந்து அமெரிக்காவுக்கு நேரே போகும் விமானங்களில் மடிக்கணினியைக் கையில் கொண்டுபோகத் தடை வந்தது. ஜூலைக்குள் தடை நீங்கியது. முதலில் விலக்குப் பெற்றது அபுதாபி. அங்கே ஏற்கெனவே அமெரிக்க அதிகாரிகளே இருந்து பயணிகளைப் பார்த்து அனுப்பும் நிலையம் இருந்தது.

எங்களுக்கு இன்னொரு வரிசையும் உண்டு, அது குண்டைத் தேடுவதில்லை. 1980களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குப் போய் அகதியாகப் பதிந்தார்கள். மேற்கின் அழுத்தத்தால் கிழக்கு ஜேர்மனி 1985 நடுப்பகுதியில் அந்த வழியை அடைத்தது. 1987 பெப்ரவரியில் 58 தமிழர்கள் ஹீத்ரோவில் இறங்கி அடைக்கலம் கேட்டு, திருப்பி அனுப்பப்படாமலிருக்க விமானத்துக்குப் பக்கத்தில் உடுப்பைக் களைந்து போராடினார்கள். அதே வருடமே, ஒழுங்கான ஆவணம் இல்லாதவரைக் கொண்டுவரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண் தண்டம் என்று பிரித்தானியா சட்டம் போட்டது. ட்ரான்சிட் கதவில் விமான நிறுவன ஊழியர் எங்கட பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அந்தத் தண்டத்துக்குப் பயந்து. 1996இல் ஐரோப்பிய ஒன்றியம், விமான நிலையத்துக்குள் மாறிப் போவதற்கே விசா எடுக்க வேண்டிய பத்து நாடுகளின் பட்டியலைப் போட்டது. இலங்கை அதில் இருந்தது. 2009இன் விசாச் சட்டத்தில் பன்னிரண்டு நாடுகள், இலங்கை திரும்பவும் இருக்கிறது. வெளியே கால் வைக்காமல் ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு நடப்பதற்கான விசா அது. இதற்கும் விலக்கு உண்டு. உங்கள் இலங்கைப் பாஸ்போர்ட்டில் அமெரிக்காவினதோ கனடாவினதோ யப்பானினதோ செல்லுபடியாகும் விசா இருந்தால், நடக்கலாம்.